செயற்கைக் கண்ணீரின் வரலாறு

கண் உலர்வுக்கு இடப்படும் சொட்டு மருந்து செயற்கைக் கண்ணீர் எனப்படுகிறது. உலர்வின் காரணத்தை இது நீக்குவதில்லை. கண்ணின் மேற்பரப்பை ஈரமாக வைத்து எரிச்சலையும் உறுத்தலையும் தணிக்கிறது.

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில், தென்மாவட்டங்களின் பிற ஊர்களைப் போலவே, கண் எரிந்தால் விளக்கெண்ணெய் விடுவதும் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைப்பதும் பழைய வழக்கம். எண்ணெய் விட்டதில் ஓரளவு பொருள் உண்டு. கண்ணீர்ப் படலத்தின் மேலடுக்கு எண்ணெய்ப் பசையால் ஆனது; அது குறைந்தால் அடியிலுள்ள நீர் விரைவில் ஆவியாகிவிடும். இன்றைய சில சொட்டு மருந்துகளிலும் விளக்கெண்ணெய் சேர்கிறது. ஆனால் அடுப்படிப் புட்டியில் இருப்பது கிருமி நீக்கிய எண்ணெய் அன்று.

கண்ணீரின் அளவைத் தாள் பட்டையால் அறியும் முறையை 1903இல் செர்மானிய மருத்துவர் ஓட்டோ சிர்மர் வெளியிட்டார். 1945இல் அமெரிக்கக் கண் மருத்துவர் கென்னத் சுவான் மெத்தில் செல்லுலோசு கரைசலைக் கண்ணுக்குப் பயன்படுத்துவது பற்றி எழுதினார். வெறும் உப்புநீர் கண்ணில் நிற்காது வழிந்துவிடும். செல்லுலோசு கலந்த நீர் பிசுபிசுப்பால் சற்று நேரம் தங்கும். இன்று பரவலாக உள்ள கார்பாக்சிமெத்தில் செல்லுலோசும் இவ்வகையே. இவை மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ செய்யப்படுகின்றன. 1936இல் பி. ஏ. சி. இராமசாமி இராசா ஆலை தொடங்கிய இராசபாளையத்தில் நூலாக ஓடுவதும் பெரும்பாலும் அதே செல்லுலோசுதான்.

இவ்வட்டார மக்கள் கண் சிகிச்சைக்கு மதுரை செல்வது வழக்கம். அங்கு கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் சார்பு நிறுவனமான அரோலேப் 1992இல் கண்ணுள் வைக்கும் வில்லைகளைச் செய்யத் தொடங்கி, பின்னர் சொட்டு மருந்துகளும் தயாரித்தது.

புட்டியில் கிருமி வளராதிருக்கச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி விட்டால் கண்ணையே உலர்த்தும். எனவே பாதுகாப்பு வேதிப்பொருள் இல்லாத சொட்டுகள் வந்தன. இவற்றில் தயாரிப்புத் தூய்மை தவறினால் கிருமியைத் தடுக்க வேறெதுவும் இல்லை. 2023இல் சென்னையைச் சேர்ந்த குளோபல் பார்மா எல்த்கேர் தயாரித்த இத்தகைய சொட்டுகள் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாசு கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரிடம் கண்டறியப்பட்டிருந்தது. அவர்களில் 4 பேர் இறந்தனர். 14 பேர் பார்வை இழந்தனர். 4 பேருக்குக் கண்ணே அகற்றப்பட்டது. ஆலையைச் சோதித்த அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் கிருமி நீக்க முறைகளில் குறைகளைப் பதிவு செய்தது.

ஒரு வேளைக்கான சிறு குப்பிகளில், திறந்த பின் கிருமி புகும் வாய்ப்பு குறைவு, விலை கூடுதல். பெரிய புட்டியைத் திறந்து ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும் என்பது பெரும்பாலும் அதன் ஒட்டுத்தாளில் சிறிய எழுத்தில் இருக்கும்.