கீழாநெல்லி ஆராய்ச்சி வரலாறு

இலைக்காம்பின் கீழ்ப்புறத்தே சிறு நெல்லி போலும் காய்கள் நிரல்படத் தோன்றுதலின் கீழாநெல்லி எனப் பெயர் பெற்ற பூண்டு, காமாலைக்கு மருந்தாகத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இப்பூண்டின் ஆற்றலை அறிவியல் அளவைகொண்டு ஆராய்ந்த முயற்சியொன்று சென்னையின் தென்பகுதியிலே நிகழ்ந்தது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் தரமணியில் உள்ளது. அந்நிலையத்து நுண்ணுயிரியல் அறிஞர் எஸ். பி. தியாகராசன் முதலியோர், 1976-இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, கல்லீரல் அழற்சி 'பி' நச்சுயிரியை உடலில் தாங்கியோர்க்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து அளித்தனர். மருந்துண்ட 37 பேருள் 22 பேரின் குருதியில் அந்நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதம் பின்னர்க் காணப்படவில்லை. மருந்துபோல் தோன்றும் வெறும்பொருள் உண்ட 23 பேருள் ஒருவரே அந்நிலை எய்தினார். இம்முடிவு 1988-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

ஆயினும், தாய்லாந்திலும் (1990) நியூசிலாந்திலும் (1994) வெளியான ஆய்வுகள் அப்பயனைக் காட்டவில்லை. 2011-இல் காக்ரேன் ஆய்வாளர் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கி, வெறும்பொருளினும் இது மேம்பட்டதென்பதற்கு உறுதியான சான்று இல்லையென முடித்தனர்.

இம்முரணை எடைபோடுவார் இரு மயக்கங்களை நீக்கிக்கொள்ளல் வேண்டும். ஒன்று பூண்டின் பெயர் பற்றியது. இந்திய நூல்கள் பலவும் இதனைப் 'பில்லாந்தசு நிரூரி' என்றே குறித்தன. அவ்வினமோ அமெரிக்க நிலத்திற்கு உரியது; அப்பெயரால் இங்குச் சுட்டப்பட்டவை 'அமாரசு' முதலிய மூன்று வேறினங்கள் என்பதை 1985-இல் இந்தியத் தாவரவியலார் தெளிவுறுத்தினர். மற்றொன்று நோயின் பெயர் பற்றியது. காமாலை என்பது கண்ணும் தோலும் மஞ்சளிக்கும் குறி. அது பல காரணங்களால் வருவது. தானே தணிவதும் உண்டு. நச்சுயிரியைத் தாங்கியிருப்போரோ பெரும்பாலும் காமாலைக் குறி இல்லாதோர். ஆதலின், தரமணி முடிவு பண்டை வழக்கினை மெய்ப்பித்தது என்றலும், பிற்கால முடிவுகள் அவ்வழக்கினைப் பொய்ப்பித்தன என்றலும் ஒருங்கே பொருந்தா. வழக்கு கூறியது ஒன்று, சோதிக்கப்பட்டது பிறிதொன்று.

2005-இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. மருத்துவச் சுவடிகளிற் கண்ட பூண்டு யாது, நோய் யாது என வரையறுத்தல் அத்தகைய நிலையங்களின் ஆய்வுக்கு முற்படு கடனாம். அக்கடனில் பாடவேறுபாடும் சொற்பொருளும் ஆராயும் தமிழ்ப் புலவர்க்கும் பங்குண்டு.