எட்டாம் நம்பர் வாழ்த்து

ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. எந்தப் புரோகிதரும் சொல்லிக்கொடுக்காத சடங்கு. மைக்கைப் பிடித்த ஒருவர், வந்து சேர்ந்த தந்திகளை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். பம்பாயிலிருந்து தாய்மாமன், டெல்லியிலிருந்து ஆபீஸ் நண்பர், மெட்ராஸிலிருந்து எம்.எல்.ஏ. ஊரும் பேரும்தான் மாறும், வாழ்த்து மாறாது: ‘பெஸ்ட் விஷஸ் ஃபார் எ லாங் அண்ட் ஹேப்பி மேரீட் லைஃப்.’ பந்தலில் இருந்த பலருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் என்ன? எத்தனை தந்தி, எங்கெங்கிருந்து வந்தது என்பதுதான் சம்பந்தி வீட்டார் காதில் விழவேண்டிய செய்தி.

அந்த வாசகத்தை அனுப்பியவர்கள் யாரும் எழுதவில்லை. தந்தி ஆபீஸ் படிவத்தில் அவர்கள் எழுதியது 8 என்ற ஓர் எண்ணைத்தான்.

தந்திக்குக் கட்டணம் சொல் கணக்கில். அதனால் ஜனங்கள் வாக்கியத்தை எலும்பும் தோலுமாக ஆக்கியே அனுப்பினார்கள். ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’ என்ற நான்கு சொற்களைக் கேட்டு ரயிலேறியவர்கள் எத்தனையோ பேர். துக்கத்துக்கு இந்தச் சிக்கனம் பொருந்தும், வாழ்த்துக்குப் பொருந்தாது. வாழ்த்து என்றால் நாலு நல்ல வார்த்தை நீளமாக வேண்டும். தந்தித் துறை இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வழக்கமான வாழ்த்துகளை அச்சிட்ட பட்டியலாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. கம்பியில் போவது எண் மட்டும். அந்தப் பக்கம் இருக்கும் ஊழியர் பட்டியலைப் பார்த்து முழு வாக்கியத்தையும் பூ வேலைப்பாடு அச்சிட்ட தாளில் எழுதி உறையில் போட்டு அனுப்புவார். அனுப்புகிறவருக்குக் காசு மிச்சம், துறைக்குக் கம்பி நேரம் மிச்சம்.

பட்டியலைப் படித்தால் அந்தக் காலத்து இந்தியாவின் நல்லது கெட்டது தெரியும் (நல்லதுதான் அதிகம்). 1 தீபாவளிக்கு, 2 ஈத் பெருநாளுக்கு, 3 வங்காளிகள் விஜயதசமிக்குச் சொல்லும் விஜயா வாழ்த்துக்கு. இந்தியாவில் முதல் சோதனைத் தந்திக் கம்பி 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே போடப்பட்டது என்பதை நினைத்தால், வங்காளம் மூன்றாம் இடத்தில் உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை. 6 குழந்தை பிறந்த வீட்டுக்கு. 11 பயணம் போகிறவருக்கு. 12 தேர்தலில் ஜெயித்தவருக்கு. 7ஆம் எண் ‘தங்களுக்கு அளிக்கப்பட்ட சிறப்பு’ குறித்துப் பாராட்டுவது. இதில் வெள்ளைக்காரன் கொடுத்த ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களின் வாசனை அடிக்கிறது. அரசியல் சாசனத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. வாழ்த்து மட்டும் பட்டியலில் இருந்தது. சுதந்திர தினத்துக்கு 18, குடியரசு தினத்துக்கு 19 என்று பின்னால் வந்தவையும் அதே இங்கிலீஷ் தோரணையில் வந்து சேர்ந்தன.

கல்யாணத்துக்கு மட்டும் ஒன்றுக்கு மூன்று இருந்தன: 8, 16, 17. இதில் 16 கொஞ்சம் ஆடம்பரம். வானுலகின் மேலான ஆசிகள் இளம் தம்பதி மீது பொழிய வேண்டும் என்று விரியும். தலைமையாசிரியர்களும் வக்கீல்களும் விரும்பி அனுப்பக்கூடிய நடை. விழாக்களுக்கு 21: ‘விஷ்ஷிங் தி ஃபங்ஷன் எவ்ரி சக்சஸ்.’ கோயில் கும்பாபிஷேகமானாலும் கட்சி மாநாடானாலும் நேரில் வர முடியாத பிரமுகருக்கு இதுதான் கைகொடுத்தது.

மாணவர்களுக்கு இரண்டு எண்கள். பரீட்சைக்கு முன் 23, பாஸானபின் 10. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு செய்தித்தாளில் வெறும் பதிவெண்களாக வந்த காலம் அது. பையன் பொடி எழுத்துகளுக்குள் தன் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தால், வெளியூர்ச் சித்தப்பாவிடமிருந்து இன்னொரு எண் புறப்படும். ஃபெயிலானவனுக்கு எண் கிடையாது.

எண்ணில் ஆபத்தும் இருந்தது. புதுமணத் தம்பதிக்கு 8க்குப் பதிலாக 6 போய்ச் சேர்ந்து, கல்யாணப் பந்தலில் குழந்தை பிறந்ததற்கான வாழ்த்து வாசிக்கப்பட்ட கதையை ஊருக்கு ஊர் சொல்வார்கள். எல்லா ஊரிலும் நடந்திருக்க முடியாது. ஆனால் பட்டியலை எல்லா ஊரும் மனப்பாடமாக அறிந்திருந்தால்தான் இந்த நகைச்சுவை எடுபடும்.

பூப்போட்ட தாளுக்கும் தனி உறைக்கும் இன்னொரு காரணம் உண்டு. தந்திப் பியூனின் சைக்கிள் தெருவில் திரும்பினாலே பெண்கள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். பிரித்துப் பார்க்குமுன்பே அழுகை தொடங்கிவிடும். படித்துச் சொல்ல வாத்தியார் வருவதற்குள் பாதித் துக்கம் அனுஷ்டித்தாகிவிடும். இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீடுகளுக்குத் தந்தி என்றாலே மகனின் சாவுச் செய்திதான். அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க பிரிட்டிஷ் தபால் துறை 1935 ஜூலையில் வாழ்த்துத் தந்தியை அறிமுகப்படுத்தியது. தங்க நிற உறை, ஓரங்களில் அலங்காரம். முதல் தாளை வடிவமைத்தவர் மார்கரெட் கால்கின் ஜேம்ஸ் என்ற ஓவியர். உறையைப் பார்த்ததுமே நெஞ்சு நிதானப்பட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நம் ஊரிலும் வண்ண உறை அந்த வேலையைத்தான் செய்தது.

1985 வாக்கில் இந்தியாவில் சுமார் 45,000 அலுவலகங்களிலிருந்து ஆண்டுக்கு 6 கோடித் தந்திகள் போயின. அதன்பின் எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. மாமாவின் குரலையே கேட்க முடியும்போது அவர் அனுப்பும் எண் எதற்கு? முதலில் கழன்றுகொண்டது வாழ்த்துதான். தந்தி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது, வேறு வேலைகளுக்காக. லீவு நீட்டிக்க அத்தாட்சி வேண்டிய ராணுவ வீரர்கள், பதிவு வேண்டிய வக்கீல்கள், போலீசுக்குப் புகார் சொன்னவர்கள் அதைக் கைவிடவில்லை. 2013இல் மிஞ்சியிருந்தவை சுமார் 75 அலுவலகங்கள். அந்த ஜூலை 14ஆம் தேதி, கடைசி நாளில், அதுவரை தந்தியே பார்த்திராத இளைஞர்கள் ஞாபகத்துக்காக அப்பா அம்மாவுக்கும் தங்களுக்குமே தந்தி அனுப்ப வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கடைசி ஆண்டுகளில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட காதலர்களும் வாடிக்கையாளர்களாக இருந்தார்கள். நாங்கள் மேஜரானவர்கள், சம்மதத்தோடு மணந்துகொண்டோம் என்று அதிகாரிகளுக்கும் பெற்றோருக்கும் தந்தி கொடுத்தால் அது கையில் ஒரு சாட்சி. அவர்கள் முழு வாசகத்தையும் தாங்களேதான் எழுதவேண்டியிருந்தது.