பீப்பாய் போன பாதைகள்

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில், போன் நகரத்திலிருந்து தெற்கே சாந்தனே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை போகிறது. நீளம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பொமார், வோல்னே, மெர்சோ என ஒயின் புட்டிகளால் உலகறிந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்கிறது. பல இடங்களில் பக்கவாட்டில் இடுப்பளவுக் கல்சுவர். சுவருக்கு அப்பால் சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாகக் கொடிகள். நடுவே ஒரு வண்டி போகும் அகலம். கார் வருவது அபூர்வம். சைக்கிள்காரர்கள் தொலைதூரத்திலிருந்து இங்கே வருவதற்கு அந்த அமைதிதான் பெரிய காரணம். நாட்டுப்புறம் என்றால் இப்படித்தான், காலங்காலமாக இப்படியேதான் இருந்திருக்கும் என்று வருகிறவர்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை சரியில்லை என்பதே என் வாதம். இந்தப் பாதைகள் பாரம் இழுப்பதற்காகப் போடப்பட்டவை. அந்தப் பாரத்தை முதலில் ரயிலும் பிறகு நெடுஞ்சாலையும் வாங்கிக்கொண்டு போன பின் எஞ்சியதுதான் இந்த அமைதி. பாகப்பிரிவினையும் சட்டமும் கட்டாய உழைப்பும் சேர்ந்து போட்ட பாதைகளில்தான் இன்று உல்லாசமாகச் சைக்கிள் ஓடுகிறது.

பாதைகள் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். பர்கண்டியின் நல்ல தோட்டங்களில் பல ஒரு காலத்தில் மடங்களின் சொத்து. பிரெஞ்சுப் புரட்சி அவற்றைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விற்றது. 1804ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம் பிள்ளைகளுக்குச் சொத்தில் சம பங்கு தந்தது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிக்கொண்டே வந்தது. க்ளோ த வூஜோ இதற்குக் கண்கண்ட சாட்சி. சிஸ்டெர்சியன் துறவிகள் சுவர் எழுப்பி வளர்த்த தோட்டம் அது. பரப்பு சுமார் 50 ஹெக்டேர். 1889இல் விற்கப்படும்வரை ஒரே சொத்தாக இருந்தது. இன்று அதே சுவருக்குள் எண்பதுக்கு மேற்பட்ட உரிமையாளர்கள். ஒருவருக்கு நான்கு வரிசை, இன்னொருவருக்குப் பத்து வரிசை என்றாலும், அவரவர் துண்டுக்குக் கூடையோடும் உரத்தோடும் போய்வர வழி வேண்டும். சிறு உடைமை பெருகிய இடத்தில் சிறு பாதையும் பெருகியது. ஒரே முதலாளியின் பண்ணையாக இருந்திருந்தால் வரப்போடு காரியம் முடிந்திருக்கும்.

வழி இருப்பது வேறு, வண்டி புதையாத வழி இருப்பது வேறு. அந்த இரண்டாவதைக் கொண்டுவந்தது 1836ஆம் ஆண்டு மே 21 அன்று நிறைவேறிய ஊர்ச்சாலைச் சட்டம். புதுச்சேரியில் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறார்களே, அந்தக் கொம்யூன்தான் பிரான்சின் அடிப்படை நிர்வாக அலகு. தன் எல்லைக்குள் உள்ள சாலைகளைப் பராமரிப்பதை ஒவ்வொரு கொம்யூனுக்கும் இந்தச் சட்டம் கட்டாயக் கடமையாக்கியது. கொம்யூனின் வருமானம் போதாவிட்டால், 18 முதல் 60 வயதுவரை உடல் வலுவுள்ள ஒவ்வோர் ஆணுக்கும், ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வோர் இழுவை விலங்குக்கும் ஆண்டில் மூன்று நாள்வரை சாலை வேலை விதிக்கலாம். வேலைக்குப் பதில் பணமும் கட்டலாம். வசதியுள்ளவர் கட்டிவிட்டு ஒதுங்கினார். இல்லாதவர் மண்வெட்டி பிடித்தார். மன்னராட்சிக் காலத்தின் ஊதியமற்ற சாலை வேலை புரட்சிக்குச் சற்று முன்புதான் ஒழிந்திருந்தது. அது வேறு பெயரில் திரும்பி வந்தது என்று சொன்னால் மறுப்பது கடினம். ஆனாலும் வேலையின் பயன் அரசனின் பெருஞ்சாலைக்குப் போகாமல் வேலை செய்தவனின் தோட்ட வாசலுக்கே வந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரான்சின் சாலைகள் இன்று மொத்தம் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி இத்தகைய ஊர்ச்சாலைகள்தான்.

அந்தப் பாதைகளில் அன்று அமைதி இல்லை. பர்கண்டிப் பீப்பாய் ஒன்றில் 228 லிட்டர் ஒயின் பிடிக்கும். நிரம்பினால் எடை 250 கிலோவைத் தாண்டும். அப்படிப்பட்ட பீப்பாய்களை ஏற்றி, இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் கல்லில் உரச, குதிரைகள் இழுத்துப் போயின. 1849இல் திஜோன்–ஷலோன் ரயில் பாதை திறந்தது. 1851இல் பாரிஸ் திஜோனோடு இணைந்தது. நெடுந்தூரப் பாரம் தண்டவாளத்துக்கு மாறியது. தோட்டப் பாதைகள் ரயில் நிலையத்துக்கும் பாதாள அறைக்கும் போய்வரும் கிளைவழிகளாயின. பிறகு ஃபிலாக்சரா வந்தது. வேரில் சாறு உறிஞ்சும் இந்தச் சிறு பூச்சியின் அழிவு 1863இல் தெற்கே கார் என்ற மாவட்டத்தில் தென்பட்டது. 1878இல் மெர்சோவை எட்டியது. அமெரிக்க வேர்க்கட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி எல்லாவற்றையும் புதிதாக நட வேண்டியதாயிற்று. அதற்கு முன் கொடிகள் வரிசையே இல்லாமல் அடர்ந்து கிடந்தன. கிளையை மண்ணில் புதைத்து வேர்விட வைத்துப் பெருக்குவதே வழக்கம். புதிதாக நட்டபோதுதான் குதிரைக் கலப்பை நுழையும்படி நேர்வரிசை வந்தது. பழமையின் முகம் என்று இன்று படமெடுக்கப்படும் அந்த ஒழுங்குக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுகூட இல்லை. ஒட்டுக்கட்டப் பணமில்லாதவர்கள் நிலத்தை விட்டுப் போனார்கள். 1870களில் ஏறத்தாழ 24 லட்சம் ஹெக்டேராக இருந்த பிரான்சின் திராட்சைப் பரப்பு, பூச்சியாலும் பின்னர் வந்த சந்தைச் சரிவுகளாலும் இன்று 8 லட்சத்துக்குக் கீழே.

சைக்கிள் இந்தக் கதையில் பிந்தி நுழைந்தது. நுழைந்தபோது அது பணக்காரர் பொழுதுபோக்கு. 1893இல் அரசு சைக்கிளுக்கு ஆண்டுக்கு 10 பிராங்க் வரி போட்டதே அதற்குச் சான்று. ஆனால் 1914க்குள் நாட்டில் சுமார் 35 லட்சம் சைக்கிள்கள் ஓடின. செந்த் எத்தியென் நகரத்தின் போல் த விவி, வெலோசியோ என்ற புனைபெயரில், பந்தயம் இல்லாத நெடும்பயணத்தை ஓர் ஒழுக்கமாகவே பரப்பினார். பயணத்தின்போது ஒயின் கூடாது என்பது அவர் விதிகளில் ஒன்று; இன்று அவர் வழிவந்தவர்கள் எத்தனை பேர் ஒயினைத் தேடியே மிதிக்கிறார்கள்! 1936இல் தொழிலாளிக்கு ஆண்டில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது. கார் வாங்க முடியாத குடும்பங்கள் சைக்கிளிலும் இருவர் மிதிக்கும் டாண்டத்திலும் ஊர் பார்க்கக் கிளம்பின. மறு ஆண்டே பர்கண்டியில் திஜோனுக்குத் தெற்கே தோட்ட ஊர்களை இணைக்கும் ஒயின் சாலை அறிவிக்கப்பட்டது. பாரம் இழுத்த ஊர்வழி வேடிக்கை பார்க்கும் வழியாக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வாதம் எளிதில் எழும். ஊரை விட்டு மக்கள் நகரத்துக்குப் போனார்கள், அதனால் சாலை காலியானது, இதில் சட்டமும் பூச்சியும் எதற்கு என்று கேட்கலாம். மக்கள் வெளியேறியது உண்மைதான். ஆனால் அதே வெளியேற்றம் நடந்த தானியச் சமவெளிகளைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே அரசின் நில ஒருங்கிணைப்புத் திட்டம் துண்டு நிலங்களைச் சேர்த்துப் பெருவயல்களாக்கியது. வேலியும் வரப்பும் கிராமப் பாதையும் உழவில் மறைந்தன. ஆள் குறைந்ததால் மட்டும் பாதை பிழைத்திருந்தால் அங்கேயும் பிழைத்திருக்கும். பர்கண்டியில் பிழைத்ததற்குக் காரணம், 1935இல் சட்டமான பெயர்க் கட்டுப்பாடு. எந்த நிலத்துத் திராட்சைக்கு எந்தப் பெயர் என்று எல்லை வகுத்த பிறகு, சரிவின் நடுவில் உள்ள துண்டைச் சாலையோரத் துண்டோடு மாற்றிக்கொள்ள யார் சம்மதிப்பார்? துண்டு தங்கியது, துண்டுக்குப் போகும் பாதையும் தங்கியது. வாகனங்களை விலக்கியது 1970இல் பாரிஸிலிருந்து லியோன் வரை முழுமையான ஏ6 விரைவுச்சாலை. கொஞ்சம் தெற்கே, ரயில் கைவிட்ட தடத்தில் 1997இல் ஜிவ்ரி–க்ளூனி பசுமைப் பாதை திறந்தது. 44 கிலோமீட்டர் நீளம். பிரான்சில் அவ்வகையில் முதலாவது. நீராவி எஞ்சினுக்காக மெல்லச் சரித்த தடம் என்பதால் குழந்தைகூட மிதிக்கலாம்.

அமைதி என்பதே கற்பனை என்று இன்னொரு தரப்பு சொல்லக்கூடும். கொடி வரிசையைக் கால்களுக்கிடையே விட்டு நடக்கும் உயரமான டிராக்டர், வசந்தத்திலும் கோடையிலும் மருந்து தெளிக்கிறது. அறுவடை மாதத்தில் வேன்களும் டிரெய்லர்களும் பாதையை அடைத்துக்கொள்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். பாதை இன்னும் வேலைக்காரருடையது. சைக்கிள்காரர் அங்கே விருந்தாளி, டிராக்டருக்கு வழிவிட வேண்டியவர். இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. வேலை நின்றுபோன பாதையில் புதர்தான் மண்டும். சுற்றுலாத் துறையைப் பாராட்டுவோரும் உண்டு. பலகை நட்டதும் மேற்பரப்பைச் சீராக்கியதும் அந்தத் துறைதான். ஆனால் முதல்தரத் தோட்டம் ஒரு ஹெக்டேர் பல மில்லியன் யூரோவுக்கு விற்கும் நாட்டில், இப்படியொரு பாதை வலையை இன்று புதிதாகப் போட எந்த அரசாலும் முடியாது. கிடைத்தது பரம்பரைச் சொத்து.

அந்தச் சொத்துக்குக் காவல் குறைவு. 1959ஆம் ஆண்டு அரசாணையின்படி ஊர்ச்சாலைகளில் ஒரு பகுதிக்குத்தான் முழுப் பாதுகாப்பு உண்டு. கிராமப் பாதை என்று வகைப்படுத்தப்பட்ட மற்றவை கொம்யூனின் தனிச்சொத்து. பொதுப் பயன்பாடு நின்றுவிட்டால் விற்கலாம். பக்கத்து நிலக்காரர் முப்பது ஆண்டு தடையில்லாமல் அனுபவித்தால் உரிமையும் கோரலாம். 2022இல் வந்த சட்டம், பாதைகளைக் கணக்கெடுக்கக் கொம்யூன் மன்றம் தீர்மானம் போட்டால் அந்த முப்பதாண்டுக் கெடுவை இடைக்காலத்துக்கு நிறுத்திவைக்கிறது. ஆனால் கணக்கெடுப்பு கட்டாயமில்லை. தீர்மானம் போடுவதும் போடாததும் அந்தந்த ஊரின் கையில்.