இ-1027: ரோக்ப்ரூன் மலைச்சரிவில் ஒரு நவீன வீடு

இ-1027 பிரான்சின் தென்கிழக்கு மூலையில், மொனாக்கோவுக்கும் மான்டன் நகரத்துக்கும் இடையே உள்ள ரோக்ப்ரூன்-காப்-மார்த்தன் என்னும் ஊரின் கடலோரச் சரிவில் அமைந்த வீடு. அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஐலீன் கிரே (1878–1976) வடிவமைத்த இவ்வீடு 1926-க்கும் 1929-க்கும் இடையில் கட்டப்பட்டது. வெள்ளைச் சுவர்கள், தட்டையான கூரை, நீண்ட ஜன்னல்கள், தூண்கள் என்று வெளித்தோற்றத்தில் அக்காலத்து நவீனப் பாணியின் எல்லா அடையாளங்களும் இதில் உண்டு. அதனாலேயே நெடுங்காலம் இது லெ கொர்பூசியேயின் வழியில் வந்த வீடுகளில் ஒன்றாகக் கருதப்பட்டது. அவரே கட்டியது என்று நம்பியவர்களும் இருந்தனர். இவ்வீடு சரிவில் எப்படி அமர்ந்திருக்கிறது என்று கவனித்தால் அந்த எண்ணம் நிற்காது.

சரிவும் அதன் நிபந்தனைகளும்

ஆல்ப்ஸ் மலைத்தொடர் இங்கே நேராகக் கடலில் இறங்குகிறது. சமநிலம் அனேகமாக இல்லை. இப்பகுதி விவசாயிகள் பல நூற்றாண்டுகளாகச் சாந்து பூசாத கற்சுவர்களை அடுக்கடுக்காக எழுப்பி, அவற்றுக்குப் பின்னால் மண்ணை நிரப்பி, எலுமிச்சையும் ஆலிவும் வளர்த்தனர். மான்டன் எலுமிச்சை அந்தப் படிநிலங்களின் விளைச்சல்தான். சாந்து இல்லாத சுவரில் மழைநீர் கற்களின் இடுக்கு வழியே கசிந்து வெளியேறிவிடும். மலையை வெட்டி, இடைவெளியில்லாத தாங்குசுவர் கட்டினால் நீர் சுவரின் பின்னால் தேங்கி அதைத் தள்ளத் தொடங்கும். செங்குத்துச் சரிவில் வீடு கட்டும் எவருக்கும் முதல் பிரச்சினை இதுதான், அழகு அல்ல.

இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட் வந்தபின் இன்னொரு வழி திறந்தது. வீட்டைத் தூண்கள்மேல் நிறுத்திவிட்டால் மலையை வெட்ட வேண்டியதில்லை. லெ கொர்பூசியே 1927-இல் வெளியிட்ட ஐந்து கொள்கைகளில் தூண்களுக்கே முதலிடம். ஆனால் தூண்மேல் நிற்கும் வீடு எந்த நிலத்திலும் நிற்கும். கீழே இருப்பது மலையா மைதானமா என்று அது கேட்காது.

கிரே இந்த இரண்டில் எதையும் முழுதாக ஏற்கவில்லை. அவர் முறையாகக் கட்டடக்கலை பயின்றவர் அல்லர். லண்டனில் ஓவியம் படித்து, பாரிஸில் சுகவாரா என்ற ஜப்பானியக் கைவினைஞரிடம் அரக்கு வேலை கற்று, அறைகலன்கள் செய்து பெயர் பெற்றவர். வீடு கட்டும்படி அவரைத் தூண்டியவர் ருமேனியாவில் பிறந்த கட்டடக் கலைஞர் ழான் பதோவிச்சி. நவீனக் கட்டடக்கலை இதழ் ஒன்றின் ஆசிரியர். கிரே தேர்ந்தெடுத்த மனைக்குச் சாலை கிடையாது. மேலே ரயில்பாதை, கீழே பாறையும் கடலும், நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை. கட்டுமானப் பொருட்கள் தள்ளுவண்டியில்தான் வந்தன. மூன்றாண்டுகளில் பெரும்பகுதியை அவர் அங்கேயே கழித்தார்; வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அறைகளை வைத்தார்.

வீடு

பழைய படிநிலங்கள் அழிக்கப்படவில்லை. வீட்டின் ஒரு பகுதி அவற்றில் அமர்ந்திருக்கிறது, மறுபகுதி தூண்களில் நிற்கிறது. மலைப்பக்கமாக வந்து நுழைபவருக்குக் கடல் உடனே தெரியாது. நுழைவாயிலில் ஒரு தடுப்பு வழியை மறிக்கும். 'மெதுவாக நுழைக' என்று பிரெஞ்சில் அச்செழுத்துகள் தீட்டப்பட்டிருக்கும். அதைச் சுற்றி வந்தால்தான் பெரிய அறையும் தெற்கே கடலும் விரியும். சரிவு வீடுகளில் காட்சியை முதல் அடியிலேயே கொட்டிவிடும் ஆசை கட்டுபவருக்கு இயல்பாக வரும். கிரே அதை அடக்கியது இவ்வீட்டின் சிறந்த முடிவு என்று சொல்லலாம்.

சமையலறை தனியே, வெளியிலிருந்து நுழையும்படி உள்ளது. வாசனையும் வெப்பமும் அறைகளுக்குள் வராது. நகரும் சட்டங்களில் அமைந்த சாய்பலகைகள் வெளிச்சத்தை மறைத்துக் காற்றை மட்டும் விடும். கடல்பக்கத்து நீண்ட மாடத்தின் கம்பித் தடுப்பில் கித்தான் துணி கட்டப்பட்டது. குளிர்காலத்தில் அதைக் கழற்றினால் உட்கார்ந்திருப்பவரின் கால்களில் வெயில் படும். கண்ணாடிக் கூண்டு போட்ட சுழல்படிகள் மொட்டைமாடிக்குச் செல்கின்றன. உள்ளே பொருட்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வேலை செய்யும். புகழ்பெற்ற வட்ட மேசை படுக்கைக்கு அடியில் பாதம் நுழைந்து, உயரம் கூடிக் குறையும். கட்டிலில் காலையுணவு அருந்த விரும்பிய தன் சகோதரிக்காக அதைச் செய்தார் என்பர். எளிமை இங்கே ஒரு தோற்றமாக வரவில்லை. சிறிய இடத்தில் உடம்பு சுகமாக இருக்க என்ன தேவை என்ற கணக்கிலிருந்து வந்தது.

வீட்டின் பெயர் ஒரு குறியீடு. 'இ' ஐலீனின் முதலெழுத்து. 10, 2, 7 ஆகியவை ஆங்கில நெடுங்கணக்கில் ஜே, பி, ஜி என்ற எழுத்துகளின் வரிசை எண்கள். ழான் பதோவிச்சியின் இரண்டெழுத்துகளைக் கிரேயின் எழுத்துகள் இருபுறமும் அணைத்திருக்கின்றன. மனையும் வீடும் பதிவானது பதோவிச்சியின் பெயரில். 1929-இல் அவருடைய இதழ் இவ்வீட்டுக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதில் வந்த உரையாடலில், சூத்திரங்களால் மட்டும் வீடு அமையாது, அதில் வாழ்பவரின் அகத்தேவைகளே முதன்மை என்னும் கருத்து வலுவாக வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கிரே அங்கிருந்து விலகி, மான்டனுக்கு மேலே கஸ்தெய்யாரில், பழைய கல் நீர்த்தொட்டிகளின் மேல் தனக்கென வேறொரு வீடு கட்டிக்கொண்டார்.

சுவரோவியங்களும் குடிலும்

லெ கொர்பூசியே 1938-இல் கிரேக்கு எழுதிய கடிதத்தில் வீட்டைப் பாராட்டினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பதோவிச்சியின் விருந்தினராகத் தங்கி அதன் வெற்றுச் சுவர்களில் பெரிய வண்ண ஓவியங்களைத் தீட்டினார். கிரேயிடம் கேட்கவில்லை. கிரே அதைச் சேதமாகவே கருதினார். பின்னர் லெ கொர்பூசியே அந்த ஓவியங்களை அச்சில் வெளியிட்டபோது வீட்டை வடிவமைத்தவர் பெயர் இடம்பெறவில்லை. போர்க்காலத்தில் வீட்டில் தங்கிய படைவீரர்கள் சுவர்களைத் துப்பாக்கிப் பயிற்சிக்கும் பயன்படுத்தினர்.

1949-இல் பக்கத்து மனையில் தொமாஸ் ரெபுதாத்தோ என்பவர் சிறு உணவகம் திறந்தார். அதை ஒட்டி லெ கொர்பூசியே 1952-இல் தனக்கு ஒரு மரக்குடில் கட்டினார்: 3.66 மீட்டர் சதுரம், 2.26 மீட்டர் உயரம். மரப்பகுதிகள் கோர்சிகாத் தீவில் செய்யப்பட்டு வந்தன. சமையலறை இல்லை, உணவகத்துக்குள் செல்ல ஒரு கதவு இருந்தது. கச்சிதத்தில் அது வியப்புக்குரியது, ஆனால் தனி மனிதருக்கான, பக்கத்து அடுப்பை நம்பிய எளிமை. சரிவைப் பற்றி அவர் ஆழமாக யோசித்தது கட்டப்படாத இன்னொரு திட்டத்தில்தான். ஒன்றன் மேல் ஒன்றாகப் படிப்படியாக ஏறும் சிறு விடுமுறை வீடுகளை, மேலே உள்ள பழைய ரோக்ப்ரூன் கிராமத்தின் நெருக்கத்தை நினைவூட்டும் வகையில், அவர் வரைந்திருந்தார். 1965 ஆகஸ்ட் 27 அன்று கீழேயுள்ள கடலில் நீந்தும்போது இறந்தார்.

பெயர் மீட்பு

1968-இல் ஜோசப் ரிக்வெர்ட் இத்தாலியின் டோமுஸ் இதழில் எழுதிய கட்டுரைதான் கிரேயை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அப்போது அவருக்கு வயது 90. வீட்டின் நிலை அதன்பிறகும் மோசமாகவே சென்றது. அசல் அறைகலன்கள் ஏலத்தில் போயின. 1996-இல் அப்போதைய உரிமையாளர் அங்கேயே கொல்லப்பட்டார். வெறுமையாகக் கிடந்த வீட்டில் வழிப்போக்கர்கள் குடியேறினர். கடற்கரைப் பாதுகாப்புக்கான பிரெஞ்சு அரசு நிறுவனம் 1999-இல் அதை வாங்கியது. உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பிகள் துருப்பிடித்து வெடித்திருந்ததால் சீரமைப்பு நீண்டது. 2015-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கிரே விரும்பாத ஓவியங்களை அழிக்கவில்லை. அவையும் வரலாற்றுச் சான்றாகிவிட்டன.

2016-இல் லெ கொர்பூசியேயின் 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. சண்டிகர் தலைமையகக் கட்டடத் தொகுதியுடன் அந்த மரக்குடிலும் பட்டியலில் உண்டு. சில அடிகள் தள்ளி நிற்கும் இ-1027 அதில் இல்லை. இன்றும் வீட்டுக்குச் சாலை கிடையாது. ரயில் நிலையத்தில் இறங்கிக் கடலோர நடைபாதையில்தான் செல்ல வேண்டும். அந்த நடைபாதைக்கு லெ கொர்பூசியேயின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.