சேது யாத்திரை

சேது யாத்திரை என்பது, பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே கிடக்கும் பாம்பன் தீவில் அமைந்த இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலையும், அத்தீவின் தென்கிழக்கு முனையாகிய தனுஷ்கோடியையும் நாடி, பாரத தேசத்தின் பல பகுதிகளிலிருந்தும் ஹிந்துக்கள் நெடுங்காலமாக மேற்கொண்டுவரும் தீர்த்த யாத்திரையாகும். சைவர்களுக்கு இது பன்னிரு ஜோதிர்லிங்க ஸ்தலங்களுள் ஒன்று. பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற பதிகள் பதினான்கினுள்ளும் ஒன்று. வைணவர்களுக்கோ இராமபிரான் அணைகட்டிக் கடல் கடந்த இடம். பத்ரிநாதம், துவாரகை, பூரி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு தாமங்களுள் தெற்கே உள்ளதும் இதுவே. இக்கோயிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மன்னர்களின் திருப்பணிகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் விளைநிலம் அதிகமில்லாத ஒரு மணல் தீவில் இத்துணைப் பெரிய ஆலயம் எழுந்தமைக்குக் காரணம் அதனை நோக்கி நடந்துவந்த கூட்டமே ஆதலால், வழியின் வரலாற்றை விட்டுக் கோயிலின் வரலாற்றைச் சொல்ல இயலாது.

இராமனுக்கும் இக்கடற்கரைக்கும் உள்ள தொடர்பு தமிழில் மிகப் பழைமையானது. அகநானூற்றின் 70ஆம் பாடல், பாண்டியரின் பழங்கோடியில் ஓர் ஆலமரத்தடியில் இராமன் மறைபொருள் ஆராய்ந்தபோது அம்மரத்துப் பறவைகளின் ஒலியை அடக்கிய செய்தியைக் கூறுகிறது. 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடிய பதிகங்களில், இராவணனைக் கொன்ற பழி நீங்கும்பொருட்டு இராமன் வழிபட்ட இராமேச்சுரம் தெளிவாகக் காட்சி தருகிறது. ஸ்காந்த புராணத்தைச் சேர்ந்த சேது மாஹாத்மியம் இவ்வரலாற்றை விரித்துரைக்கிறது: கைலாசத்துக்கு லிங்கம் கொணரச் சென்ற அனுமன் குறித்த முகூர்த்தத்துக்குத் திரும்பாமையால் சீதை மணலைத் திரட்டி லிங்கமாக்க, அதனை இராமன் பிரதிஷ்டை செய்துவிட்டான், பின்னர் வந்து வருந்திய அனுமனைத் தேற்றும்பொருட்டு, அவன் கொணர்ந்த லிங்கத்தையும் வடபால் நிறுவி, அதற்கே முதற்பூஜை என விதித்தான். அனுமன் கொணர்ந்த லிங்கமாகிய விசுவநாதருக்கு முதற்பூஜை செய்த பின்னரே மணல் லிங்கமாகிய இராமநாதருக்குப் பூஜை செய்யும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. தாமதமாக வந்தவனுக்கு முதல் மரியாதை தரும் ஸ்தலம் வேறெங்கேனும் உண்டோ என்று தெரியவில்லை.

மன்னர்கள் இவ்விடத்துக்கு முதலில் வந்தது பெரும்பாலும் வெற்றியை அறிவிக்கவே. 949இல் தக்கோலத்தில் சோழரை வென்ற இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், இராமேசுவரத்தில் ஜயஸ்தம்பம் நாட்டியதாக அவனுடைய 959ஆம் ஆண்டின் கர்ஹாட் செப்பேடு கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் படை ஈழத்திலிருந்து வந்து இவ்வூரைக் கைப்பற்றியது. அவனுக்குப் பின் ஆண்ட நிசங்கமல்லன் இங்கே தன் பெயரால் நிசங்கேசுவரம் என்றொரு கோயில் எடுத்ததாகத் தன் சாசனங்களில் பொறித்துள்ளான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களில் நந்தியுருவின் கீழ் ‘சேது’ என்னும் சொல்லையே பொறித்தனர்.

யாத்திரையை ஓர் அரசின் கடமையாகவே ஆக்கியவர்கள் இராமநாதபுரம் சேதுபதிகள். 1605ஆம் ஆண்டளவில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், மறவர் குலத்துச் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக நியமித்தபோது, கள்ளர் பயத்தால் சீரழிந்திருந்த சேதுமார்க்கத்தைக் காப்பது அந்நியமனத்தின் முக்கிய நோக்கமாக இருந்தது. பின்னர்த் திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பையன் படையெடுத்து வந்து சேதுபதியைச் சிறைப்பிடித்த கதையை ‘இராமப்பையன் அம்மானை’ பாடுகிறது. காவலன் சிறைப்பட்டதும் வழிப்பறி பெருகி யாத்திரை தடைப்படவே, நாயக்கர் அவரை விடுவிக்க நேர்ந்தது என்பர். ஒரு சிற்றரசனின் விடுதலைக்கு அவனுடைய படைபலத்தைவிடப் பரதேசிகளின் கால்நடைப் பயணம் வலிய காரணமாயிற்று என்றால், அந்த வழிக்கு அன்று இருந்த மதிப்பை அளவிட்டுக்கொள்ளலாம்.

திருமலை சேதுபதி (1645–1676) இரண்டாம் பிராகாரத் திருப்பணியில் ஈடுபட்டார். உலகப் பிரசித்தி பெற்ற மூன்றாம் பிராகாரம் 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில் நிறைவெய்தியது. 1,212 தூண்கள் நிற்கும் இப்பிராகாரத்தில், கிழக்கு மேற்காகச் செல்லும் மண்டபவீதி ஒன்றே ஏறக்குறைய 690 அடி நீளம். வடக்கு தெற்காகச் செல்வது 435 அடி. மணலும் பவளப்பாறையுமான இத்தீவுக்குக் கருங்கல் முழுவதும் கடல் தாண்டியே வரவேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குஸன், திராவிடச் சிற்பமுறையின் அழகுகள் அனைத்தையும் அதன் குறைகள் அனைத்தையும் ஒரே கோயிலில் காட்டவேண்டுமானால் இராமேசுவரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்ப்புரைத்தார். மூலஸ்தானம் சிறிதாயிருக்க மண்டபவீதிகள் மாத்திரம் எல்லையின்றி நீண்டிருப்பது அவருக்கு உவப்பாயில்லை. ஆனால் கோயிலினுள் அமைந்த இருபத்திரண்டு தீர்த்தங்களில், பெரும்பாலும் கிணறுகளான அவற்றில், மகாலட்சுமி தீர்த்தம் தொடங்கிக் கோடி தீர்த்தம் ஈறாக ஒவ்வொன்றிலும் வாளியால் இறைத்து ஊற்றப்படும் நீரில் நனைந்து, ஈர உடையோடு நாளெல்லாம் நடக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு நிழலும் நடைபாதையும் வேண்டுமே என்பதை எண்ணினால், அந்த நீளம் குறையன்று, தேவை என்பது புலப்படும்.

சேதுமார்க்கத்தின் வடபகுதியைப் போற்றியவர்கள் தஞ்சை மராத்திய மன்னர்கள். அப்பாதையில் அவர்கள் அமைத்த சத்திரங்களுள், இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் புகழ்பெற்றது. இச்சத்திரங்களின் தர்மம் தடைப்படக்கூடாதென்று 1801இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஓர் அரிய ஆவணம். ஜாதிபேதமின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் அன்னமிடுதல், நள்ளிரவில் மணியடித்து இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று கூவியழைத்தல், நோயுற்றோருக்குக் குணமாகும்வரை மருந்தும் பத்தியமும் அளித்தல், கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பார்த்தல், அநாதைக் குழந்தைகளை வளர்த்துக் கல்வி புகட்டல், விஷக்கடிக்கு வைத்தியர் ஒருவரை வைத்திருத்தல் ஆகியவை அதில் விவரிக்கப்படுகின்றன. தெற்கே வந்தோர் உப்பூரில் விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்தில் கடலினுள் நிற்கும் நவபாஷாணத்தையும், திருப்புல்லாணியில் தர்ப்பசயன இராமனையும் தரிசித்து, சேதுக்கரையில் நீராடி, மண்டபம் என்னும் ஊரிலிருந்து தோணியேறிப் பாம்பனை அடைந்தனர்.

காசிக்கும் சேதுவுக்கும் இடையே அமைந்த சம்பிரதாயம் இந்த யாத்திரைக்கே உரிய விசேஷம். சேதுவில் ஸங்கல்ப ஸ்நானம் செய்து எடுத்த மணலைப் பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கொணர்ந்த கங்கை நீரால் இராமநாதருக்கு அபிஷேகம் செய்த பின்னரே யாத்திரை பூர்த்தியாயிற்று என்று கொள்வர். கோயிலின் அர்ச்சகர்கள் மராத்தியப் பிராமணர்களாகவும் சிருங்கேரி மடத்தில் தீக்ஷை பெறுவோராகவும் இருப்பது, வடநாட்டோடு கொண்ட இத்தொடர்பின் அடையாளங்களுள் ஒன்றாகும்.

மேல்நாட்டிலிருந்து இலங்கை வழியாகத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26ஆம் நாள் பாம்பனில் கரையிறங்கி, பாஸ்கர சேதுபதியால் வரவேற்கப்பெற்று, மறுநாள் கோயிலில் உண்மையான வழிபாட்டைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1914இல் பாம்பன் கடலின் மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளமுள்ள இரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கியபோது, பல மாதக் கால்நடைப் பயணம் சில நாட்களில் அடங்கியது. யாத்திரிகர் தொகை பெருகியது. வழிநெடுகிலும் இருந்த சத்திரங்களில் உண்ண வருவோர் குறைந்தனர். பாலம் திறக்கப்படுவதற்குச் சற்று முன்னரே தேவகோட்டை ஜமீன்தார் குடும்பத்தார், நெடுநாள் நிறைவுறாதிருந்த கிழக்கு இராஜகோபுரத்தை 126 அடி உயரத்துக்கு எழுப்பி முடித்தனர்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணி இரயில் ஒன்று கடலலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். சேதப்பட்ட பாம்பன் பாலத்தை பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைத்தனர். ஆயினும் தனுஷ்கோடி இரயில்பாதை மீண்டும் இடப்படவில்லை. கரையோரமிருந்த கோதண்டராமர் கோயில் மட்டும் புயலுக்குத் தப்பி நின்றது. சாலைப் பாலம் 1988இலும், நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய இரயில் பாலம் 2025 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. மஹோததி, ரத்னாகரம் என்னும் இரு கடல்களும் கூடும் தனுஷ்கோடி முனையில் செய்துவந்த ஸங்கல்ப ஸ்நானத்தைப் புயலுக்குப் பின் பெரும்பாலோர் கோயிலின் எதிரே உள்ள அக்னி தீர்த்தக் கடலிலேயே செய்யலாயினர். 2017இல் அம்முனையாகிய அரிச்சல்முனைவரை தார்ச்சாலை அமைந்தபின், பழைய இடத்துக்கே சென்று மணலெடுப்போரும் மீண்டும் உளர்.