மலையிறங்கிய கடுக்காய்

கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் கல்வராயன் மலையில் கடுக்காய் முற்றும். சித்திரையில் வெளிர்மஞ்சள் பூவாக நின்றது, மார்கழிக்குள் பச்சை மங்கிப் பழுப்பு மஞ்சளாகி உதிரத் தொடங்கும். ஈர மண்ணில் நாள்கணக்கில் கிடந்த காய் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த காய்க்கு விலை இல்லை. அதனால் பொழுது புலர்வதற்குள் கூடையும் சாக்குமாகப் பெண்கள் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். பொறுக்கியதைப் பாறையில் பரப்பிக் காயவிட்டால் தோல் சுருங்கி வரிவரியாக வரம்பு எழும்பும். பிறகு குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, காயைக் கல்மேல் வைத்து இன்னொரு கல்லால் ஓங்காமல் ஒரே தட்டுத் தட்ட வேண்டும். சதை பிளந்து கொட்டை தனியே தெறிக்கும். அளவு மீறி அடித்தால் கொட்டையும் நொறுங்கிச் சதையோடு கலந்து சரக்கு கெடும். துவர்ப்பு முழுக்க அந்தச் சதையில்தான் இருக்கிறது. ஒரு மூட்டை உடைத்து முடிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் கறை ஏறிவிடும்.

அந்தத் துவர்ப்புக்காகத்தான் கடுக்காய் மலையை விட்டு இறங்கியது. கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கும், மேற்கே கருமந்துறை, தும்பல் வழியாக ஆத்தூருக்கும் பாதைகள் இறங்குகின்றன. தார்ச்சாலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே மலைப்பொருள்கள் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் இறங்கிய திசைகள் இவை. கீழிருந்து மேலே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வாக்குச்சீட்டும் ஏறி வந்த கதை மிகவும் பிந்தியது. மலையின் காய் உலகச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்து நூறாண்டுக்கு மேல் ஆனபிறகும், காயைப் பொறுக்கியவர்கள் ஊரின் கணக்கில் ஏறவில்லை. கடுக்காயைப் பற்றி நான் எழுத நினைத்ததே இதனால்தான்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. ஒரு பக்கம் சேலம் மாவட்டம். மறுபக்கம் முன்பு தென்னார்க்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி. வெள்ளிமலையும் கரியாலூரும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து முக்கிய ஊர்கள். இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, வீட்டிலும் காட்டிலும் பேசுவது தமிழ்தான். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்களே. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது இவர்களிடம் வழிவழியாக வரும் கதை. சேர்வராயனும் கொல்லிமலையும் பச்சைமலையும் அந்தக் கதைக்குள் உறவு மலைகள். கரியராமர் இவர்களுடைய பெரிய சாமி. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தார்கள். ஏர் ஓடும் நிலம் உழவுக்காடு, சரிவில் கொத்தி விதைப்பது கொத்துக்காடு.

நிலமும் காடும் யாருடையவை என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே பதில்தான் இருந்தது. மலை ஐந்து பகுதிகளாகப் பிரிந்து தலைவர்களின் கையில் இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஜாகீர்கள். ஆத்தூர்ப் பக்கத்தில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன். வெள்ளைக்காரன் வந்தபோதும் இந்தத் தலைவர்களை அசைக்கவில்லை. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சமவெளி ஜமீன்களை முடித்துவைத்தது. கல்வராயன் ஜாகீர்கள் வழக்குகளில் இழுபட்டு 1976 வரை நீடித்தன. அதுவரை மலைமக்கள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள் என்றும், வாக்குரிமை கையில் கிடைத்தது 1996இல்தான் என்றும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. குடியரசாகி நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து!

கல்வராயன் ஜாகீர்கள் முடிந்த அதே 1976இல்தான் பாகிஸ்தான் அரசு பலூச் மக்களின் மலைநாட்டில் குலத் தலைவர்களின் ஆட்சியான சர்தாரி முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. கலாத் கானரசின் கீழும் பிறகு ஆங்கிலேயரின் துணையோடும் குலத் தலைவர்கள் வரியும் நீதியும் கையில் வைத்திருந்த நாடு அது. இரண்டு மலைகளும் ஒன்றையொன்று அறியாதவை. சமவெளியில் முடியாட்சி போய்க் குடியாட்சி வந்த பிறகும் மலைத்தலைவரை வைத்தே மலையை ஆண்டுகொள்ளும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே இருந்தது. அங்கே சட்டம் வந்த பிறகும் சர்தார்களின் பிடி தளரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மலை தலைவர்களின் கையில் இருந்த அந்தக் காலத்திலேயே கடுக்காய்க்குக் கடல் கடந்த மவுசு. லண்டன் வியாபாரிகள் இந்தியக் கடுக்காயை அது வந்த இடத்தின் பெயரால் தரம் பிரித்தார்கள். பீம்லி, ஜபல்பூர், ராஜ்பூர், வெங்குர்லா, மெட்ராஸ் கோஸ்ட் என்று தரங்கள். தமிழ்நாட்டு மலைக் கடுக்காயின் பெரும்பகுதி அவ்வளவு தூரமும் போகாமல் இங்குள்ள தோல் பதனிடும் ஷாப்புகளிலேயே செலவாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பல்லாவரம், திருச்சி, திண்டுக்கல் எல்லாம் தோலூர்கள். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் பல நாள் போட்டுப் பதனிடுவார்கள். ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் செம்மை ஏறிவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தொட்டியில் இறக்குவார்கள். நிறம் தெளிந்து, நிலைத்து நிற்கும். பிறகு புங்க எண்ணெய் தடவிக் காயவைத்துக் கட்டினால் அதுதான் 'ஈ.ஐ.' தோல். ஈஸ்ட் இந்தியா என்ற பெயரின் சுருக்கம் அது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோலாக மெட்ராஸ் தோலை அந்நாட்டு அரசே மொத்தமாக வாங்கிக்கொண்டது. பிரான்சின் சேற்றில் நடந்த அந்தக் கால்களைச் சுற்றியிருந்த தோலில் நம் மலைகளின் துவர்ப்பு இருந்தது. 2008இல் ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தொட்டிக்குள் இறங்கி நின்றவர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தொட்டிக்குள் ஊற்றிய கடுக்காயைப் பொறுக்கியவர்களுக்கு அப்படி ஒரு நாவல் இன்னும் அமையவில்லை.

தோலுக்கு வெளியேயும் கடுக்காய்க்கு வேலை இருந்தது. சுண்ணாம்புக் காரை இறுக, கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றிக் குழைத்தார்கள். பழைய கோயில் திருப்பணிகளில் இன்றும் அப்படித்தான். கருப்பூர்க் கலம்காரியில் துணியைக் கடுக்காய்ப் பாலில் தோய்த்த பிறகே இரும்புச் சாயம் கறுப்பாகப் பிடிக்கும். நெல்லியும் தான்றியும் சேர்ந்தால் திரிபலா. மரத்தின் இலையில் பூச்சி துளைத்துப் புடைக்கும் முடிச்சைக்கூட விடவில்லை. 'கடுக்காய்ப்பூ' என்று நாட்டுமருந்துக் கடையில் விற்பது அதுதான்.

பிறகு தோலுக்குக் குரோம் உப்பு வந்தது. ஆவாரையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் முடிகிற வேலையைக் குரோம் ஓரிரு நாளில் முடித்தது. 1970களில் அரசும் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் குறைத்து, முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் ஊக்குவித்தது. குரோம் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. ஆற்றைக் கெடுக்காத பழைய துவர்ப்பின் அருமை அதற்குப் பிறகு மெதுவாகப் பேசப்படுகிறது. ஆனால் மலையில் மூட்டைக்கு ஆள் வராத வருஷங்கள் அதற்குள் கடந்துபோயிருந்தன.

அந்த வருஷங்களில் கடுக்காய்க்கு இன்னொரு வாங்குபவர் இருந்தார். ஓடைக்கரையில் பேரல்களில் வெல்லத்தைக் கரைத்து, வேலம்பட்டையோடு கடுக்காயும் போட்டு ஊறல் வைப்பார்கள். நாலைந்து நாளில் பொங்கியதை வடித்தால் சாராயம். கல்வராயன் மலைப் பெயர் செய்தித்தாளில் வருவதென்றால் பெரும்பாலும் 'இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு' என்றுதான் வரும். வெல்லம் கீழேயிருந்து ஏறும், முதல் போடுகிறவரும் கீழேயிருந்து வருவார், சிறைக்குப் போவது மட்டும் மலைக்காரர். வேலையில்லாத மாதங்களில் மிளகு பறிக்கக் கேரளத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் போகிறவர்கள் போக, தரகர் பேச்சை நம்பிச் செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்குப் போய்ச் சிக்கியவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது நினைவிருக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் மலையில் ஊறுவதல்ல, ஆலைகளில் புழங்கும் ரசாயனம். இருந்தும் கண்கள் உடனே மலைப்பக்கம் திரும்பின. அதில் ஒரு நன்மையும் விளைந்தது. உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, கல்வராயன் மலையில் சாலை, பஸ், மருத்துவம், பள்ளி ஏன் இல்லை என்று அரசைக் கேட்டது. குற்றத்தை விசாரிக்கும் இடத்தில் வறுமையையும் விசாரித்தது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

சட்டத்தில் குறைவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் கடுக்காய் போன்ற சிறுவன மகசூல்மீது காட்டில் வாழ்கிறவர்களுக்கு உடைமை உரிமையையே தருகிறது. கொண்டுபோக அனுமதிச் சீட்டு எழுதித் தரும் அதிகாரம் கிராமசபைக் குழுவுக்கு உண்டு என்று 2012இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் விழுந்த தடை விலகி உரிமைப் பட்டாக்கள் கொடுக்க வழி திறந்தது 2016இல். மத்திய அரசு கடுக்காய்க்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையாக 2020இல் அறிவித்தது கிலோ 15 ரூபாய். சென்னை நாட்டுமருந்துக் கடையில் நூறு கிராம் கடுக்காய்ப் பொடியை அந்தப் பணத்துக்கு வாங்க முடியாது.

இந்த இரண்டு விலைக்கும் இடையில் நடப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிழலிலும் வெயிலிலும் முறையாகக் காயவைப்பது, கொட்டை நீக்குவது, நிறம் பார்த்துத் தரம் பிரிப்பது, அரைப்பது. முதல் மூன்றையும் மலைப்பெண்கள் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் மழை படாத காயப்போடும் களமும் கொட்டை உடைக்கும் இயந்திரமும் அரைவை மில்லும் வைத்து, பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் மூட்டையாக வாங்காமல் பொடியாக விற்கட்டும். சமூக வன உரிமைப் பட்டாவைக் கிராமசபைகளின் பெயரில் எழுதிக் கொடுக்கட்டும். இரண்டும் கலெக்டர் அலுவலகத்தில் முடியக்கூடிய வேலைகள். அடுத்த மார்கழிக்கு முன்பே தொடங்கலாம்.