உத்தரமேரூர்ச் சபையும் அடியார் திருக்கூட்டமும்

மேனாட்டறிஞர் தாமஸ் மூர் 1516-இல் நன்னாடொன்றைக் கற்பனையிற் படைத்தார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்தரமேரூரோ, நல்லூராட்சியின் விதிகளை அதற்கு ஆறு நூற்றாண்டு முன்னரே கல்லிற் பொறித்தது. முதற் பராந்தக சோழனது 14-ஆம் ஆட்சியாண்டாகிய 921-இல் எழுந்த அச்சாசனம், 30 குடும்புகளினின்றும் வாரியப் பெருமக்களைக் குடவோலையால் தெரிந்தெடுக்க விதித்தது. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிற்று. மாந்தர் தவறுவர் என்பதை மறவாது வகுத்தமையே அதன் சிறப்பு.

எனினும், இறையிறுக்கும் நிலமும் வேதப்பயிற்சியும் உடையார்க்கே அச்சபையின் வாயில் திறந்தது. ஏனையோர் புறத்தே நின்றனர். அக்குறை நிறைவுறுமிடம் யாது? தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான், 12-ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணத்துள் குயவரையும் பரதவரையும் வண்ணாரையும் அந்தணரோடு ஒரே திருக்கூட்டத்துள் வைத்துப் போற்றினார். ஆண்டுத் தகுதி அன்பொன்றே. கணக்கில்லா அன்பும் ஊரைக் காவாது. அன்பில்லாக் கணக்கும் ஊரை ஒன்றாக்காது. இரண்டும் கூடியவிடத்தே நல்லூர் அமையும் என்க.